நத்தைத் துரையின் சீட்டும் டாடியின் ஊரும்

ரயில் போகும்போது அந்த வீட்டின் தேநீர்க் கோப்பைகள் தட்டில் கிலுகிலுத்தன. ரயில் போய் முடியும்வரை யாரும் கதைப்பதில்லை என்பது வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத்து வீடுகளின் வழக்கம். சத்தம் பம்பலப்பிட்டிப் பக்கம் போய் ஓய்ந்ததும் வீட்டுக்கார அன்ரி என்னையும் டாடியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீங்கள் எவடம்?"

"கொட்டாஞ்சேனை, அன்ரி," என்றேன்.

"அது சரி பிள்ளை. சொந்த இடம்?"

வெள்ளவத்தையில் வாடகைக்கு வீடு தேடிய எவருக்கும் இந்தக் கேள்வி தெரிந்திருக்கும். வாடகை, முற்பணம், தண்ணீர் மோட்டார் போடும் நேரம் எல்லாம் இதற்குப் பிறகுதான் வரும். இதில் கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. ஆளை மனதில் எங்கே வைப்பது என்று தெரியாமல் அவர்களால் கதையைத் தொடர முடியாது, அவ்வளவுதான்.

என் பிரச்சினை, என்னிடம் இதற்கு மறுமொழி இல்லாததுதான். நான் கொட்டாஞ்சேனையில் பிறந்தவள். டாடியும் அங்கேதான், அவருடைய டாடியும் அங்கேதான். அவருக்கு முந்தியவர் கப்பலில் வந்தார் என்று ஒரு கதை உண்டு. எந்தக் கரையிலிருந்து என்பதில் என் இரண்டு மாமிமாருக்கும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. மம்மியின் பக்கத்தில் நீர்கொழும்பு, மன்னார், நடுவில் ஒரு பறங்கிக் கிழவர். இதையெல்லாம் சொல்லி முடிப்பதற்குள் தேநீர் ஆறிவிடும்.

நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே டாடி வடக்கில் ஓர் ஊரின் பெயரைச் சொன்னார்.

அந்தப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அந்த ஊர்ச் சங்கத்தார் இன்னும் இந்த வார இதழை வாங்குகிறார்கள். டாடி தன் வாழ்நாளில் யாழ்ப்பாணத்துக்குப் போனது ஒரே ஒரு தடவை, அதுவும் ஒரு கல்யாணத்துக்கு. அவர் சொன்னது, துறைமுகத்தில் அவருடன் பக்கத்து மேசையில் இருந்த ஒரு கிளார்க்கின் ஊர்.

"சின்னதிலேயே கொழும்புக்கு வந்துட்டம்," என்று தன் பேச்சுக்கும் சேர்த்து ஒரு விளக்கம் கொடுத்தார்.

அன்ரியின் முகம் மலர்ந்தது. காலமான அவருடைய கணவர் பக்கத்து ஊராம். இன்னொரு துண்டு கேக் வந்தது. பின்னாலேயே வாடகை வீட்டின் திறப்பும் வந்தது.

படியில் இறங்கும்போது, "ஏன் டாடி பொய் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"பொய் இல்ல மகள். அவங்க ஆசையா ஒண்ணு கேட்டாங்க. இல்லைன்னு எப்படிச் சொல்றது?"

சாமான் ஏற்றிய லொறி கொட்டாஞ்சேனையிலிருந்து கிளம்பியபோது, சிங்களச் சாரதியும் டாடியிடம் அதே கேள்வியைத்தான் கேட்டார். "மாத்தயாகே கம கொஹெத?" லொறி நின்ற அந்த ஒழுங்கையையே டாடி கையால் காட்டினார். சாரதி சிரித்துவிட்டு, அது இல்லை, உண்மையான ஊர் எது என்றார். இந்த நாட்டில் பல விஷயங்களில் ஒற்றுமை இல்லை என்கிறார்கள். இந்தக் கேள்வியில் எல்லோரும் ஒன்றுதான்.

துரை வந்தார்

சென்ற கிழமை எங்கள் பள்ளிக்கூட ஆய்வுகூடத்து எலும்புக்கூடு பற்றி எழுதியதை வாசித்த ஓர் அன்பர், ஐம்பதை நெருங்கும் வயதில் உங்களுக்கு ஏன் மேற்படிப்பு என்று கேட்டிருந்தார். நல்ல கேள்வி. என்னிடம் இருப்பது ஒரு சுமாரான பதில்தான்.

நான் உயிரியல் ரீச்சர். பாடப்புத்தகத்தில் ஓர் உயிரினத்தின் பெயருக்குப் பின்னால் யாரோ ஒரு வெள்ளைக்காரரின் பெயர் ஒட்டிக்கொண்டிருப்பதை வருடக்கணக்காகக் கரும்பலகையில் எழுதி வந்தேன். ஒருநாள் ஒரு மாணவி, "மிஸ், இவர் யார்? நம்ம நத்தைக்கு இவர் பேர் ஏன்?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். அந்தத் தெரியாததைத் தேடிப் போனதுதான் சனி ஞாயிறு வகுப்பாகவும், ஆய்வேடாகவும், தலைவலியாகவும் மாறியது.

அவரை வீட்டில் நாங்கள் நத்தைத் துரை என்று அழைத்தோம். குளிர் நாடு ஒன்றிலிருந்து, விக்டோரியா மகாராணி காலத்தில், கப்பலில் வந்து இறங்கியவர். பெட்டி பெட்டியாக நத்தை பொறுக்கினார். ஊருக்குத் திரும்பித் தடித்த பயணநூல் ஒன்று எழுதினார். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை நூலகத்தில் இருந்து வாசிக்க வேண்டும். வெளியே கொண்டுபோக விடமாட்டார்கள்.

துரையின் காலத்து அறிஞர்களுக்கு ஒரு திடமான நம்பிக்கை இருந்தது. உலகம் என்பது நிறைய இழுப்பு லாச்சிகள் கொண்ட ஒரு பெரிய அலுமாரி. ஒவ்வொன்றுக்கும் ஒரு லாச்சி. கீழ்த் தட்டில் புழு, அதற்கு மேலே நத்தை, இப்படியே ஏறிக்கொண்டு போனால் உச்சித் தட்டில், அதிசயமாக, துரையே உட்கார்ந்திருப்பார். அலுமாரி செய்தவரும் அவரே என்பதால் இதில் யாரும் ஆட்சேபம் எழுப்பவில்லை.

நத்தையோடு விட்டிருந்தால் நான் பேசாமல் இருந்திருப்பேன். துரை மனிதர்களையும் அளந்தார். மூக்குக்கு ஒரு கருவி, தலைக்கு இன்னொன்று. நூலில் சிங்களவருக்கு ஒரு பந்தி, தமிழருக்கு ஒன்று, சோனகருக்கும் பறங்கியருக்கும் ஆளுக்கொன்று. காய்ச்சலில் கொட்டாஞ்சேனையில் அறை எடுத்துப் படுத்தபோதுதான் அவருக்குச் சிக்கல் வந்தது. யன்னலால் பார்த்தால் போகிறவர் வருகிறவர் ஒருவரும் எந்தப் பந்திக்குள்ளும் அடங்கவில்லை. அவர்களையெல்லாம் மொத்தமாக "ஏனையோர்" என்று ஒரு லாச்சியில் போட்டு மூடிவிட்டார். எங்கள் குடும்பம் இன்றுவரை அந்த லாச்சியில்தான் இருக்கிறது.

கோயில் மணி தூங்க விடவில்லை என்று குறைப்பட்டிருக்கிறார். நத்தைகளைச் சாராயத்தில் ஊறப்போட்டு வைத்ததாகவும், சாடியில் சாராயம் குறைவதற்குக் கூலியாட்களே காரணம் என்றும் எழுதியிருக்கிறார். இதை டாடிக்கு வாசித்துக் காட்டியபோது அவருக்கு மெய்யாகவே கோபம் வந்தது.

"நம்ம ஆக்கள் அப்பிடிச் செய்யமாட்டாங்க மகள். ரெண்டு வீடு தள்ளி நல்ல சாராயம் கிடைக்கும்தானே. நத்தை ஊறினதை ஏன் குடிக்கணும்?"

என் மேற்பார்வையாளரிடம் இதை அடிக்குறிப்பாகச் சேர்க்கலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார்.

பெட்டியின் மேலே எழுதியது

ஆய்வில் எனக்குப் பிடிபட்டது ஒரே ஒரு விஷயம். துரையின் பெயரைச் சுமக்கும் அந்தச் சின்ன, செம்மஞ்சள் நத்தையோடு ஒட்டியிருக்கும் பெயர்ச் சீட்டில் "கொழும்பு, கொட்டாஞ்சேனை" என்று இருக்கிறது. சீட்டை நம்பிப் பின்னால் வந்த அறிஞர்கள் கொட்டாஞ்சேனை முழுக்கத் தேடினார்கள். வேலியோரம், கழிவுநீர்க் கான் ஓரம், கோயில் வளவு, எங்கேயும் கிடைக்கவில்லை. ஆகவே நத்தை அழிந்துவிட்டது என்று முடிவுகட்டி, நகரம் வளர்ந்து ஓர் அரிய உயிரை விழுங்கிவிட்டதாக உருக்கமாகக் கட்டுரைகள் எழுதினார்கள். வாசித்து நானும் ஒரு காலத்தில் உருகியிருக்கிறேன்.

துரையின் பயணநூலை முன்னும் பின்னும் புரட்டினால் கதை வேறு. மலைநாட்டில் அவர் சேர்த்த பெட்டிகள் மாட்டு வண்டியில் கொழும்புக்கு இறங்கி வந்த நேரத்தில் அவர் காய்ச்சலோடு படுக்கையில் இருந்தார். பெட்டிகளைப் பிரித்துப் பார்க்கவில்லை. கொட்டாஞ்சேனை அறையிலிருந்தே அவை கப்பலுக்குப் போயின. பெட்டி எங்கிருந்து கப்பலுக்குப் போனதோ அதுவே உள்ளே இருந்தவற்றின் பிறந்த ஊராகிவிட்டது. கொட்டாஞ்சேனையில் அந்த நத்தை அழியவே இல்லை. அது அங்கே இருந்ததே கிடையாது.

இதை வைத்து நான் பக்கம் பக்கமாக எழுதினேன். ஓர் உயிருக்கு ஓர் இடம்தான் உண்மை, சீட்டில் பொய் எழுதுவது அறிவுக்குச் செய்யும் துரோகம் என்றெல்லாம் அதில் வீராவேசம் இருக்கும். எழுதிக்கொண்டிருக்கும்போது அடுத்த அறையில் டாடி தொலைபேசியில் உரத்த குரலில், "ஓம் ஓம், எங்கட ஊர்ப் பக்கம் இப்ப நல்ல மழையாம்," என்று சொல்லிக்கொண்டிருப்பார்.

சங்கம் பிடித்துக்கொண்டது

நாங்கள் குடிவந்த கிழமையே வீட்டுக்கார அன்ரி செய்தியைப் பரப்பிவிட்டார். இரண்டு ஒழுங்கை தள்ளி இருந்த சிவகுருநாதன் மாஸ்டர் குடையோடு வந்து நின்றார். ஓய்வுபெற்ற ஆசிரியர், அந்த ஊர்ச் சங்கத்தின் கொழும்புக் கிளைத் தலைவர். ஊரில் பிறந்தவர்கள் கொழும்பில் கூடி, ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குக் கூரை போடுவது பற்றிப் பேசிப் பிளேன்ரீ குடித்துக் கலைவார்கள். வெள்ளவத்தையில் இப்படி ஊருக்கொரு சங்கம் இருக்கிறது.

டாடி முதல் கூட்டத்துக்குப் பயந்துகொண்டுதான் போனார். இரண்டாம் கூட்டத்துக்குச் சேர்ட் அயர்ன் பண்ணிப் போனார். வருடம் திரும்புவதற்குள் துணைச் செயலாளர் ஆகிவிட்டார். கூட்டத்துக்கு ஆட்களைக் கூப்பிடுவது, கதிரை அடுக்குவது, சுகமில்லாதவர்களைப் போய்ப் பார்ப்பது எல்லாம் அவர். அவர் பேச்சில் "ஆமா" போய் "ஓம்" வந்தது. தோசைக்குச் சம்பல் இடிக்கும்போதுகூட, "எங்கட ஊரில இப்பிடித்தான்," என்றார். வீட்டில் என்னைத் தவிர வேறு யாரும் இல்லாதபோது அப்படிச் சொன்னதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பிறகு வந்தது வருடாந்த ஒன்றுகூடல். மாஸ்டர் என்னைச் சிறப்புரைக்குக் கூப்பிட்டார். "எங்கட ஊர்ப் பிள்ளை ஒண்டு ஆராய்ச்சி செய்யுது. நாங்கள் கேக்காமல் ஆர் கேக்கிறது?"

அன்று காலை டாடி கண்ணாடிக்கு முன்னால் சவரம் செய்துகொண்டிருந்தார். என் பேச்சுத்தாள் மேசையில் கிடந்தது. நான் பிறந்த கொட்டாஞ்சேனையில் அந்த நத்தையைத் தேடித் திரிந்த கதையோடுதான் அது தொடங்கியது. அவர் அதை வாசித்துவிட்டார் என்பது முகத்தில் தெரிந்தது.

"மகள், கொட்டாஞ்சேனைய மட்டும் விட்டுடுங்க."

"டாடி, அந்த நத்தையின்ர கதையே அங்கதான் இருக்கு."

"நத்தை இருக்கட்டும். நீங்க அங்க பிறந்தது வேணாம்." சவர்க்கார நுரையோடு திரும்பினார். "மம்மி போன பிறகு எனக்கு ஃபோன்ல வந்தது கம்பனி மெசேஜ் மட்டும்தான். இப்ப நான் ஒரு நாள் கோயிலுக்குப் பிந்திப் போனா நாலு பேர் கோல் எடுத்து என்ன சுகமில்லையான்னு கேக்கிறாங்க. இந்த வயசில இனி வேற ஆக்களை எங்க போய்த் தேடுறது?"

தாளை எடுத்து முதல் பக்கத்தைக் கிழித்தேன்.

மண்டபத்தில் வரவேற்புரை, ஆசியுரை, தலைமையுரை எல்லாம் முடிந்தபோது சிறப்புரைக்கு மிஞ்சியது, பின்னால் சாப்பாட்டுப் பார்சல் வந்து இறங்கும் வாசனை மட்டும்தான். அவசரமாகத் துரையையும் அலுமாரியையும் சொன்னேன். சீட்டு பொய் என்றேன். அந்த நத்தை கொழும்பே இல்லை என்று முடித்தேன். கைதட்டினார்கள். பின்வரிசையில் ஒரு பெரியவர் எழுந்தார்.

"அப்ப பிள்ளை, அந்த நத்தை உண்மையில எவடம்?"

"மலைநாட்டுப் பக்கமா இருக்கலாம் ஐயா. சரியா எந்த இடம் எண்டு இன்னும் தெரியாது."

மண்டபத்தில் ஒரு ஏமாற்றம் பரவியது. "அதையெல்லோ முதல்ல விசாரிச்சிருக்கவேணும்," என்றார் அவர். எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தது முன்வரிசையில் இருந்த டாடிதான். எனக்கு அந்தச் சிரிப்பில் பாதி கோபம், பாதி நிம்மதி.

அறிவித்தல்

சில வருடங்கள் இப்படியே போயின. ஆய்வேடு இழுபட்டது. டாடியின் நெஞ்சு அப்படி இழுத்தடிக்கவில்லை. ஒரு மழைக்காலத்துக் காலையில் பிளேன்ரீ கேட்டார். நான் ஊற்றிக்கொண்டு வருவதற்குள் போய்விட்டார்.

பத்துமணிக்கெல்லாம் மாஸ்டர் வந்துவிட்டார். உடலை வைக்க மலர்ச்சாலைக்குப் பேசியாயிற்று, பாதருக்குச் சொல்லியாயிற்று, பத்திரிகைக்கு மரண அறிவித்தல்தான் பாக்கி. நம் அறிவித்தல்களை வாசகர்கள் அறிவீர்கள். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும், இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்ட இன்னார். துரையின் சீட்டிலும் இதே போலப் பெயரும் இடமுந்தான் இருக்கும், என்ன, அதில் பேரப்பிள்ளைகள் இருக்கமாட்டார்கள்.

வீட்டுக்கார அன்ரி என் பக்கத்தில் இருந்து என் கையைப் பிடித்திருந்தார். மாஸ்டர் கைத்தொலைபேசியில் எழுதத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினார்.

"பிள்ளை, பிறப்பிடம் என்ன போடுறது?"

"மாஸ்டர், உங்களுக்கு ஒண்டு சொல்லவேணும். டாடி உண்மையில..."

"தெரியும்."

நான் அவரையே பார்த்தேன்.

"முதல் கூட்டத்திலயே தெரியும். குளத்துக்கு மேற்கால எங்கட சேர்ச் எண்டு சொன்னவர். எங்கட ஊரில குளமே இல்லை."

"அப்ப ஏன் மாஸ்டர் ஒண்டும் சொல்லேல்ல?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சாரத்தில் துடைத்தார். "அண்டைக்குக் கூட்டத்துக்கு வந்தது அஞ்சாறு பேர். சொந்த ஊர்க்காரர் எல்லாம் ரொறொன்ரோவில இருந்து வட்ஸ்அப்பில கட்டளை போடுவினம். கதிரை அடுக்க ஒருத்தரும் வரமாட்டினம். இந்த மனுசன் வந்து கடைசிவரைக்கும் இருந்து, கோப்பையும் கழுவி வைச்சிட்டுப் போனார். குளத்தைப் பற்றி நான் ஏன் கேப்பான்?"

டாடி ஒவ்வொரு கூட்டத்துக்கும் முன்னால் அந்தக் கிளார்க் நண்பர் சொன்ன கதைகளை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டு போவார். யாரும் அவரைச் சோதிக்கவே இல்லை. அது அவருக்குத் தெரியாமலே போய்விட்டது என்பதுதான் எனக்கு ஆற்றாமையாக இருந்தது.

"கொட்டாஞ்சேனை எண்டு போடுங்க, மாஸ்டர்," என்றேன். ஆய்வாளர் புத்தி அந்த நேரத்திலும் விடவில்லை. டாடி பிறந்த ஒழுங்கை எனக்குத் தெரியும். அதை அவரிடமிருந்து இனியும் பறிக்க எனக்கு மனமில்லை.

மாஸ்டர் தலையாட்டினார். ஆனால் விரல் நகரவில்லை. "போடலாம் பிள்ளை. சரி அதுதான். ஆனா எங்கட ஊர்ப் பேர் இல்லாமல், சங்கத்துப் பெயரில நாங்கள் எப்பிடி அறிவித்தல் குடுக்கிறது? ஆக்கள் தேடிப் பாப்பினமெல்லோ." குரல் உடைந்தது. "அவரை வேற ஆரோ மாதிரி விட்டிட்டு நிக்க எனக்கு ஏலாது."

ரயில் ஒன்று போனது. அது போய் முடிந்ததும் அன்ரி வாயைத் திறந்தார்.

"இதில என்ன கிடக்கு. அண்டைக்கு முதல் நாள் நான் அவரிட்டக் கேட்டது பிறந்த இடத்தை இல்லையே. சொந்த இடத்தைத்தானே கேட்டனான்."

அடுத்த நாள் பத்திரிகையில் அப்படியே வந்தது. கொட்டாஞ்சேனையைப் பிறப்பிடமாகவும், வெள்ளவத்தையை வதிவிடமாகவும், அந்த ஊரைச் சொந்த இடமாகவும் கொண்ட செபஸ்தியான் மரியதாஸ். பத்திரிகைக் காரியாலயத்தில் இருந்து, இது என்ன மூன்றாவது இடம், வழக்கத்தில் இல்லையே என்று கேட்டார்களாம். அச்சடியுங்கள், காசு தருகிறோம் என்று மாஸ்டர் சொல்லியிருக்கிறார்.

மலர்ச்சாலைக்குக் கொட்டாஞ்சேனையிலிருந்தும் தெமட்டகொடையிலிருந்தும் டாடியின் பழைய துறைமுகச் சிநேகிதர்கள் வந்தார்கள். அவர்களில் வயதான ஒருவர் பத்திரிகையைக் கையில் பிடித்தபடி மாஸ்டரிடம் போனார்.

"இது நம்ம கொட்டாஞ்சேனை ஆள்தானே? இவனுக்கு எப்ப இந்த ஊர்?"

"ஓம், உங்கட ஆள்தான்," என்றார் மாஸ்டர். "எங்கட ஆளும்தான்."

அதுவரை அடக்கி வைத்திருந்த எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. பெட்டியைத் தூக்கும் நேரம் வந்தபோது முன்பக்கம் யாருக்கு என்று இரண்டு கூட்டத்துக்கும் சின்ன இழுபறி. கடைசியில் ஒரு பக்கத்தைக் கொட்டாஞ்சேனைக்காரர் பிடித்தார்கள், மறுபக்கத்தை டாடி ஒருநாளும் போய்ப் பார்த்திராத அந்த ஊர்க்காரர் பிடித்தார்கள். உயரம் ஒத்துவராததால் பெட்டி வழி முழுக்கக் கொஞ்சம் சரிந்தே போனது.